சித்திரைத் திருவிழாவுக்கு முன் தளம் மாறுகிறது: ரோல்பேக்கை எப்படித் திட்டமிடுவது?

மாசிவீதி_வெப்

வணக்கம். மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் இருக்கும் ஒரு தங்கும் விடுதியின் இணையதளத்தைப் பராமரிக்கிறேன். முழுக்க ஸ்டாட்டிக் தளம், அதாவது முன்கூட்டியே தயாரித்து வைத்த பக்கங்கள். ஹியூகோ என்ற கருவியில் பில்டு (மூலக் கோப்புகளிலிருந்து பக்கங்களை உருவாக்குவது) ஆகிறது. தமிழ், ஆங்கிலம் இரண்டும் சேர்த்து சுமார் 120 பக்கம், படங்களோடு 180 எம்பி. ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை ரீஜனில் எஸ்3 பக்கெட் (ஃபைல் சேமிப்பிடம்), அதற்கு முன்னால் கிளவுட்ஃப்ரன்ட் (நகலை கேச்சில் வைத்து வாசகருக்குக் கொடுக்கும் சேவை). கோடின் முதன்மைக் கிளையான மெயின் பிராஞ்சில் மாற்றம் மெர்ஜ் ஆனதும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் பில்டு செய்து, எஸ்3 சிங்க் கட்டளையை டெலீட் ஃப்ளாகோடு (புது பில்டில் இல்லாததைப் பக்கெட்டிலிருந்து அழிக்கும்) ஓட்டி, கடைசியில் எல்லாப் பாதைக்கும் இன்வேலிடேஷன் (கேச்சில் உள்ள பழைய நகலைத் தள்ளுவது) போடுகிறது. சிஎஸ்எஸ், ஜேஎஸ் ஃபைல்களின் பெயரில் ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் மாறும் குறியீடு) உண்டு.

சித்திரைத் திருவிழா கொடியேற்றத்துக்கு முன் மூன்று மாற்றங்கள் ஒன்றாக மேலே போகின்றன: புது வடிவமைப்பு, அறைப் பக்கங்களின் முகவரி மாற்றம், திருவிழாக் கட்டணம். திருக்கல்யாணத்திலிருந்து அழகர் ஆற்றில் இறங்கும் நாள் வரைதான் தளத்துக்கு வருடத்திலேயே அதிகக் கூட்டம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி பக்கத்திலிருந்து வருபவர்கள் மொபைலில் கட்டணம் பார்த்துவிட்டு போன் செய்கிறார்கள். அந்த நாட்களில் ஏதாவது உடைந்தால் ஐந்து நிமிடத்துக்குள் பழைய தளம் திரும்ப வந்தாக வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் ரோல்பேக் (பழைய தளத்துக்குத் திரும்புவது) வழி, கமிட்டை (பதிந்த கோடு மாற்றத்தை) ரிவர்ட் செய்து மறுபடி பில்டு ஓட்டுவதுதான். இது போதுமா? எஸ்3 வெர்ஷனிங்கை (ஃபைல்களின் பழைய பதிப்பையும் வைத்திருக்கும் வசதி) ஆன் செய்துவிட்டால் வேலை முடிந்துவிடுமா? இன்னொன்று, வடிவமைப்பைப் பின்னால் இழுக்கும்போது திருவிழாக் கட்டணமும் சேர்ந்து பழைய கட்டணமாகிவிடும். அதை எப்படித் தடுப்பது?


வைகை_வடகரை

ரிவர்ட் போட்டு மறுபடி பில்டு ஓட்டுவதை ரோல்பேக் கணக்கில் சேர்க்காதீங்க. அது யாரும் சோதிக்காத இன்னொரு புது வெளியீடு. ஹியூகோவில் இதற்குக் கூடுதல் காரணம் இருக்கு. எந்தப் பக்கம் வெளியே வரணும் என்பதை அது பில்டு ஓடும் நாளை வைத்து முடிவு செய்யும். வருங்காலத் தேதி போட்ட பக்கம் அந்த நாள் வந்ததும் தானாகச் சேரும். காலாவதித் தேதி போட்ட பக்கம் அந்த நாள் தாண்டினால் காணாமல் போகும். போன மாதக் கமிட்டை இன்றைக்கு பில்டு செய்தால் போன மாதத் தளமே கிடைக்கும்னு சொல்ல முடியாது. ஹியூகோ பதிப்பைப் பூட்டாமல் லேட்டஸ்ட் என்று விட்டிருந்தால் டெம்ப்ளேட்டே உடையலாம். அதனால் பில்டு ஆகி, சோதித்து முடித்த ஃபோல்டர் எதுவோ அதையே அப்படியே வைத்திருந்து திரும்பக் கொண்டுவரணும்.

அடுத்து, உங்க சிங்க் கட்டளை. அது ஃபைலின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதே இல்லை. அளவு மாறியிருக்கா, உங்க பக்கத்து ஃபைலின் தேதி பக்கெட்டில் இருப்பதைவிடப் புதுசா, இந்த இரண்டைத்தான் பார்க்கும். பழைய பில்டை ஜிப்பாக வைத்திருந்து, பிரித்து, சிங்க் ஓட்டினால் என்ன ஆகும்? ஜிப் பிரிக்கும்போது ஃபைல்களின் பழைய தேதியே ஒட்டிக்கொண்டு வரும். முகப்புப் பக்கத்தில் பழைய ஹாஷுக்கும் புது ஹாஷுக்கும் எழுத்து எண்ணிக்கை ஒன்றுதான், ஆக ஃபைலின் அளவும் ஒன்றாகவே இருக்கலாம். அளவு மாறவில்லை, தேதியும் பழசு. சிங்க் அந்த முகப்பைத் தொடாமல் தாண்டிப் போயிடும். டெலீட் ஃப்ளாக் மட்டும் தன் வேலையைச் செய்து, அந்த முகப்பு தேடும் புது சிஎஸ்எஸ்ஸை அழிச்சிடும். கட்டளை எந்தப் பிழையும் காட்டாமல் வெற்றி என்று முடியும், ஆனால் தளம் முன்பைவிட மோசமாக நிற்கும். சைஸ்-ஒன்லி ஃப்ளாக் (அளவை மட்டும் பார்க்கச் சொல்வது) போட்டிருந்தால் ரோல்பேக் வரைக்கும் போகவே வேண்டாம், சாதாரண வெளியீட்டிலேயே இது நடக்கும். பழைய ஃபோல்டரை ஏற்றும்போது சிங்க்கை விட்டுட்டு, சிபி கட்டளையை ரிகர்சிவ் ஃப்ளாகோடு ஓட்டுங்க. அது எதையும் ஒப்பிடாமல் எல்லாவற்றையும் ஏற்றும்.

இப்போ சரியான அமைப்புக்கு வருவோம். பக்கெட்டில் இரண்டு இடம் வைங்க. ஒன்று 'அசெட்ஸ்': ஹாஷ் போட்ட சிஎஸ்எஸ், ஜேஎஸ், படங்கள், எழுத்துரு எல்லாம் இங்கே. எல்லா வெளியீட்டுக்கும் இது பொது, சேர்ப்பது மட்டும்தான், வெளியீட்டு வேலை இதிலிருந்து எதையும் அழிக்கக் கூடாது. இன்னொன்று 'ரிலீஸஸ்': ஒவ்வொரு வெளியீட்டின் ஹெச்டிஎம்எல் பக்கங்களும் தேதி, நேரம், கமிட் ஹாஷின் முதல் 7 எழுத்து சேர்ந்த பெயரில் தனி ஃபோல்டராக. ஒரு தடவை ஏற்றின ஃபோல்டரில் பிறகு எழுத்துப்பிழைகூடத் திருத்தக் கூடாது. திருத்தணும்னா புது ஃபோல்டர்.

அசெட்ஸை ஏன் அழிக்கக் கூடாது? காலையில் மாட்டுத்தாவணியில் இறங்கும்போது பக்கத்தைத் திறந்தவர் அதே டேபில் சாயங்காலம் 'அறைகளைக் காட்டு' பொத்தானை அழுத்துவார். அவர் கையில் இருப்பது காலை ஹெச்டிஎம்எல், அது தேடுவதும் காலை ஜேஎஸ். நடுவில் நீங்க முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அந்த ஃபைல் இருந்தாகணும். ஆற்றங்கரைக் கூட்டத்தில் மொபைல் டேட்டா திணறும்போது ஹெச்டிஎம்எல் வந்து ஜேஎஸ் வருவதற்குள்ளேயே நல்ல இடைவெளி விழும். டெலீட் ஃப்ளாக் அந்த இடைவெளியில்தான் கழுத்தறுக்கும்.

ஏற்றும் வரிசையும் முக்கியம்: முதலில் அசெட்ஸ் முழுதும், அது முடிந்த பிறகே ஹெச்டிஎம்எல். ஒரே சிங்க்கில் எல்லாவற்றையும் தள்ளினால் ஃபைல்கள் இணையாகப் போகும், எது முதலில் சேரும்னு சொல்ல முடியாது. ஹெடரையும் (ஃபைலோடு போகும் குறிப்பு) ஏற்றும்போதே தனித்தனியாகக் கொடுங்க. அசெட்ஸுக்கு கேச்-கன்ட்ரோல் பப்ளிக், மேக்ஸ்-ஏஜ்=31536000, இம்மியூட்டபிள். ஹெச்டிஎம்எல்லுக்கு நோ-கேச். நோ-கேச் என்றால் சேமிக்கவே கூடாதுன்னு பொருள் இல்லை. சேமிக்கலாம், காட்டும் முன் ஒரு தடவை கேட்டுக்கோ என்றுதான் பொருள். ஹெச்டிஎம்எல்லுக்கு மேக்ஸ்-ஏஜ் ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் உங்க ஐந்து நிமிடக் கணக்கு அங்கேயே போச்சு. இன்வேலிடேஷன் கிளவுட்ஃப்ரன்ட்டில் இருப்பதைத்தான் தள்ளும், வாசகரின் பிரவுசரில் இருப்பதைத் தொடாது. ஹெடரே கொடுக்காமல் விட்டால் கிளவுட்ஃப்ரன்ட்டின் இயல்பு டிடிஎல் (கேச்சில் வைத்திருக்கும் காலம்) 86400 வினாடி, ஒரு முழு நாள்.

இனி எந்த ஃபோல்டர் நடப்பு என்று காட்டும் சுட்டி. இதற்கு இரண்டு வழி இருக்கு.

எளிய வழி, கிளவுட்ஃப்ரன்ட்டில் ஆரிஜின் பாத்தை (பக்கெட்டில் எந்த ஃபோல்டரிலிருந்து எடுக்கணும் என்பது) மாற்றுவது. நடப்பு ஃபோல்டரின் பெயரை அங்கே கொடுத்துட்டு, மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவின பிறகு இன்வேலிடேஷன் போடணும். பரவும் முன்பே போட்டால் பழைய பாதையிலிருந்தே மறுபடி எடுத்து கேச் செய்துக்கும். இந்த மாற்றம் பரவ சில நிமிடம் ஆகும். உங்க ஐந்து நிமிடத்துக்கு இது இழுபறி. அசெட்ஸ் ஃபோல்டருக்குத் தனி ஆரிஜினும் தனி பிஹேவியரும் (பாதைவாரி விதி) வைக்க மறக்காதீங்க, இல்லையென்றால் அதற்கும் ரிலீஸ் பாதை ஒட்டிக்கும்.

நல்ல வழி, கிளவுட்ஃப்ரன்ட் ஃபங்ஷன் (கோரிக்கை வரும்போது ஓடும் சிறு நிரல்), கூடவே கீவேல்யூஸ்டோர் (அது படிக்கும் சிறு தரவுக் கிடங்கு). கீவேல்யூஸ்டோர் 2023 நவம்பரில் வந்தது. ஸ்டோரில் 'நடப்பு' என்று ஒரு கீ, அதன் மதிப்பு ரிலீஸ் ஃபோல்டரின் பெயர். வியூவர் ரிக்வெஸ்டில் (வாசகரின் கோரிக்கை வந்ததும்) ஓடும் ஃபங்ஷன் அந்த மதிப்பைப் படித்து, கேட்ட பாதைக்கு முன்னால் ஒட்டும். கீயின் மதிப்பை மாற்றினால் சில வினாடிகளில் பரவிடும். இதில் பெரிய லாபம், கேச் கீ (கேச்சில் நகலைத் தேடும் பெயர்), ரிலீஸ் பெயரை ஒட்டின பிறகு வரும் பாதையைக் கொண்டுதான் அமையும். ஒவ்வொரு ரிலீஸுக்கும் கேச் தனித்தனி என்பதால் பின்னால் போக இன்வேலிடேஷனே தேவையில்லை.

ஃபங்ஷன் எழுதும்போது நாலு இடத்தில் கவனம் வேணும். ரன்டைம் 2.0 தேர்ந்தெடுக்கணும், பழையதில் ஸ்டோரைப் படிக்க முடியாது. அசெட்ஸ் பாதைக்கு எதையும் ஒட்டாதீங்க. கீ கிடைக்காமல் போனால் ஃபங்ஷன் பிழையில் விழுந்து தளமே நின்னுடும், அதனால் டிரை-கேட்ச் போட்டு, கடைசியாக நன்றாக ஓடின ரிலீஸின் பெயரைக் கோடிலேயே மாற்று மதிப்பாக எழுதி வைங்க. நாலாவது, சாய்கோட்டில் முடியும் முகவரிக்கு இன்டெக்ஸ் ஃபைலின் பெயரையும் ஃபங்ஷனே சேர்க்கணும். சாய்கோடு இல்லாமல் வந்தால், ரிலீஸ் பெயரை ஒட்டும் முன்பே ரீடைரக்ட் கொடுத்து அனுப்பிடணும். இதை எஸ்3 வெப்சைட் எண்ட்பாயின்ட் பார்த்துக்கும்னு விட்டால், அது கொடுக்கும் ரீடைரக்டில் ரிலீஸ் ஃபோல்டரின் பெயரும் சேர்ந்தே வரும். அந்த முகவரியை ஒருத்தர் வாட்ஸப்பில் பகிர்ந்தால் அது அந்த ரிலீஸோடவே கட்டிப்போட்ட முகவரி.

404 பக்கத்தை ('பக்கம் இல்லை' என்று காட்டுவது) ரிலீஸுக்கு வெளியே நிலையான இடத்தில் வைங்க. எர்ரர் பக்கத்தின் பாதை டிஸ்ட்ரிபியூஷன் அமைப்பில் நிலையாக எழுதப்படுவது, சுட்டி நகர்ந்தாலும் அது நகராது.


நாகமலை_ஆப்ஸ்

வடகரை சொன்னதைத் தானாகவே செய்து தரும் இடங்களும் உண்டு. நெட்லிஃபை, வெர்செல், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ், ஃபயர்பேஸ் ஹோஸ்டிங் எல்லாவற்றிலும் பழைய வெளியீட்டைத் தேர்ந்தெடுத்து மறுபடி நேரலையாக்கும் பொத்தான் இருக்கிறது. ஒரே ஆள் பராமரிக்கும் சிறிய தளத்துக்கு எஸ்3-யில் இவ்வளவு கட்டுவதைவிட அங்கே போய்விடுவது நல்லது என்பது என் கருத்து. ஆனால் திருவிழாவுக்கு முன் இடம் மாற்றாதீர்கள். டொமைனை வேறு சர்வருக்குத் திருப்பும் டிஎன்எஸ் மாற்றமும் வடிவமைப்பு மாற்றமும் ஒரே வாரத்தில் வந்தால் எது உடைத்தது என்றே பிரித்துப் பார்க்க முடியாது.

எந்த இடமாக இருந்தாலும், ரோல்பேக் செய்த பிறகும் மெயின் பிராஞ்சில் கெட்ட கமிட் அப்படியே உட்கார்ந்திருக்கும். அடுத்து யாரோ போன் நம்பரைத் திருத்தி மெர்ஜ் செய்தால் அந்தக் கமிட்டும் சேர்ந்து மேலே ஏறிவிடும். வெர்செலில் ரோல்பேக் செய்ததும் புரொடக்‌ஷன் டொமைனைத் தானாக ஒதுக்குவது நின்றுவிடும். நெட்லிஃபையில் டிப்ளாயை நீங்களே பூட்ட வேண்டும். உங்கள் ஆக்‌ஷன்ஸ் அமைப்பில், மெர்ஜ் ஆனதும் பில்டும் ஏற்றுவதும் மட்டும் தானாக நடக்கட்டும். சுட்டியை நகர்த்துவது கையால் ஓட்டும் தனி வொர்க்ஃப்ளோவாக இருக்கட்டும், ரிலீஸ் பெயரை உள்ளீடாகக் கேட்கும்படி. முன்னால் போக, பின்னால் வர இரண்டுக்கும் அந்த ஒரே வொர்க்ஃப்ளோ. தினமும் ஓடும் வழியே அவசர வழியாகவும் இருந்தால் அது துருப்பிடிக்காது.


திருநகர்_டேட்டா

முகவரி மாற்றம் என்று எழுதியிருக்கிறீர்களே, ஆபத்து அதிகம் அங்கேதான். எந்த ஃபோல்டரை நகர்த்தினாலும் பின்னால் வராத விஷயங்கள் சில இருக்கின்றன, அவை வாசகரின் பிரவுசரில் போய் உட்கார்ந்துவிடும்.

முதலாவது 301, அதாவது நிரந்தர ரீடைரக்ட். பழைய அறைப் பக்கத்திலிருந்து புதுப் பக்கத்துக்கு 301 கொடுத்தால் பிரவுசர் அதை நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டு நினைவில் வைக்கும். அடுத்த முறை சர்வரிடம் கேட்காமலேயே புது முகவரிக்குப் போகும். நீங்கள் ரோல்பேக் செய்ததும் அந்தப் புது முகவரி இருக்காது, 404. சரி, புதிதிலிருந்து பழையதுக்கு ஒரு ரீடைரக்ட் போட்டுவிடலாம் என்று அவசரத்தில் போட்டால், பிரவுசர் நினைவில் பழையது புதியதை நோக்கும், சர்வரில் புதியது பழையதை நோக்கும். முடிவில்லாச் சுழல், 'டூ மெனி ரீடைரக்ட்ஸ்' பிழை. பிரவுசர் நினைவில் வைத்த அந்த 301-ஐ உங்கள் பக்கத்திலிருந்து நம்பகமாக அழிக்க முடியாது. அதனால் திருவிழா முடியும்வரை தற்காலிக ரீடைரக்டான 302 மட்டும் கொடுங்கள், அதற்கும் கேச்-கன்ட்ரோலில் நோ-ஸ்டோர் சேருங்கள். புது முகவரிகள் நிலைத்துவிட்டன, இனி பின்னால் போகத் தேவையில்லை என்று உறுதியான பிறகு 301 ஆக்குங்கள். கூகுள் அந்தச் சில வாரம் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருந்தாலும் நஷ்டமில்லை.

பின்னால் போகும் ரிலீஸையும் இதற்குத் தயார் செய்ய வேண்டும். புதுத் தளம் இரண்டு மணி நேரம் நேரலையில் இருந்தாலே புது முகவரிகள் வாட்ஸப்பில் பரவியிருக்கும். எனவே இப்போது ஓடும் பழைய வடிவமைப்பிலேயே, புது முகவரிகளைப் பழையவற்றுக்கு 302-ல் அனுப்பும் ஒரு ரிலீஸை முதலில் வெளியிடுங்கள். அதற்குப் பிறகு புதுத் தளம். பின்னால் போவது இந்த இடைநிலை ரிலீஸுக்குத்தான், அதற்கும் முந்தையதுக்கு இல்லை.

இரண்டாவது சர்வீஸ் வொர்க்கர், பிரவுசரில் பதிந்து பக்கங்களைச் சேமித்துக் காட்டும் ஸ்கிரிப்ட். புது வடிவமைப்பில் ஆஃப்லைன் வசதி என்று ஒன்று சேர்த்திருந்தால் திருவிழா முடியும்வரை அதை எடுத்துவிடுங்கள். சர்வீஸ் வொர்க்கர் இல்லாத ரிலீஸுக்குத் திரும்பினாலும், ஏற்கெனவே பிரவுசரில் பதிந்த வொர்க்கர் தானாகப் போகாது. அதன் ஃபைல் 404 கொடுத்தாலும் பழைய வொர்க்கர் வேலையைத் தொடரும், தான் சேமித்த புதுப் பக்கங்களையே காட்டும். தவிர்க்க முடியாது என்றால், அதே பெயரில், கேச்களை அழித்துத் தன்னையே நீக்கிக்கொள்ளும் ஒரு சிறிய வொர்க்கர் ஃபைலை பழைய ரிலீஸிலும் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஹெச்எஸ்டிஎஸ், இந்தத் தளத்தை ஹெச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் திற என்று பிரவுசருக்குச் சொல்லும் ஹெடர். இந்த வெளியீட்டோடு அதைப் புதிதாகச் சேர்ப்பதாக இருந்தால் மேக்ஸ்-ஏஜை 300 வினாடியில் தொடங்குங்கள். பிரவுசர்களிலேயே சேர்த்து வரும் பிரிலோட் பட்டியல் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம், அதிலிருந்து பெயரை எடுக்க மாதக் கணக்கில் ஆகும்.

கட்டண விஷயத்துக்கு வருகிறேன். வடிவமைப்பும் கட்டணமும் ஒரே ரிலீஸில் இருக்கும்வரை உங்கள் கேள்விக்குப் பதிலே இல்லை. இரண்டையும் பிரியுங்கள். கட்டணம் முழுவதையும் ஒரு ஜேசன் (தரவை மட்டும் எழுதும் உரை வடிவம்) ஃபைலில், ரிலீஸ் ஃபோல்டருக்கு வெளியே 'டேட்டா' என்ற இடத்தில் வையுங்கள். பக்கம் திறக்கும்போது ஜேஎஸ் அதை எடுத்துக் காட்டட்டும். அதற்கு மேக்ஸ்-ஏஜ் 60 வினாடி போதும். இப்போது வடிவமைப்பு முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் கட்டணம் தன் இடத்தில் நிற்கும்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பழைய பக்கம், புதுப் பக்கம் இரண்டும் அதே ஜேசனைப் படிக்க வேண்டும். இருக்கும் புலத்தின் பெயரை மாற்றாதீர்கள், நீக்காதீர்கள், புதிதாகச் சேர்ப்பது மட்டும். 'கட்டணம்' என்று எண்ணாக இருந்ததை 'சாதாரணம், திருவிழா' என்று இரண்டாகப் பிரிக்க ஆசைப்பட்டால், பழைய எண்ணையும் அப்படியே விட்டுவைத்து, பக்கத்தில் புதுப் புலங்களைச் சேருங்கள். திருவிழா நாட்களில் அந்தப் பழைய எண்ணிலும் திருவிழாக் கட்டணமே இருக்க வேண்டும். பழைய பக்கம் படிப்பது அதைத்தானே. ஜேசன் வராமல் போனால் பக்கத்தில் பழைய விலை எதையும் காட்டாமல், 'கட்டணத்துக்கு அழைக்கவும்' என்று போன் இணைப்பைக் காட்டட்டும். தப்பான விலையைப் பார்த்துவிட்டு பெட்டியோடு வாசலில் வந்து நிற்பவரிடம் பேசுவது முன்மேசையில் இருப்பவர்தான்.


மாசிவீதி_வெப்

மிக்க நன்றி. இடைநிலை ரிலீஸ் என்ற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. கீவேல்யூஸ்டோர் வழியில் போகிறேன், கட்டணத்தையும் ஜேசனாகப் பிரிக்கிறேன். மூன்று சந்தேகம்.

வெர்ஷனிங் பற்றி யாரும் சொல்லவில்லை, அது வேண்டவே வேண்டாமா? இரவு நேரத்தில் நான் கையெட்டும் தூரத்தில் இல்லையென்றால் விடுதி மேலாளரே சுட்டியை நகர்த்தும்படி செய்யலாமா, எவ்வளவு அனுமதி கொடுப்பது? எந்த நிலையில் பின்னால் போவது, எந்த நிலையில் அங்கேயே திருத்துவது என்பதை எப்படி முடிவு செய்வது?


வைகை_வடகரை

வெர்ஷனிங்கை ஆன் செய்யுங்க, ஆனால் அதை ரோல்பேக்குக்கு நம்பாதீங்க. அது ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக வரலாறு வைக்கும். 'நேற்று இரவு 9 மணிக்குப் பக்கெட் இருந்தபடி ஆக்கு' என்று ஒரே கட்டளை கிடையாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் அந்த நேரத்து வெர்ஷன் ஐடியைத் தேடி மேலே நகலெடுக்கணும், அந்த நேரத்துக்குப் பிறகு புதுசாக வந்தவற்றை நீக்கணும், அழித்தவற்றுக்கு டெலீட் மார்க்கரை (அழித்ததன் அடையாளம்) எடுக்கணும். நெருக்கடியில் செய்யும் வேலை இல்லை இது. அதன் உண்மையான பயன் 'டேட்டா' இடத்தில் இருக்கு. கட்டண ஜேசனை யாரோ தவறாக ஏற்றிட்டா, அந்த ஒரு ஃபைலின் முந்தைய வெர்ஷனை மேலே நகலெடுத்தால் முடிந்தது. ஃபோல்டரைக் கைதவறி அழித்தாலும் மீட்கலாம். ஒரு தடவை ஆன் செய்த பிறகு அதை முழுசாக ஆஃப் செய்ய முடியாது, நிறுத்தி வைக்க மட்டும் முடியும். பழைய வெர்ஷன்கள் குவியாமல் இருக்க லைஃப்சைக்கிளில் (நாள் கணக்கில் தானாக அழிக்கும் விதி) நான்-கரன்ட், அதாவது நடப்பில் இல்லாத வெர்ஷன்களுக்கு 30 நாள் காலாவதி கொடுங்க.

செலவைப் பற்றிக் கவலை வேணாம். மும்பையில் ஸ்டாண்டர்ட் வகைக்கு ஜிபிக்கு மாதம் சுமார் 2 ரூபாய்தான். அசெட்ஸ் பொதுவாக இருப்பதால் ஒவ்வொரு ரிலீஸும் சில எம்பி ஹெச்டிஎம்எல்தான். 20 ரிலீஸ் வைத்திருந்தாலும் பில்லில் தெரியாது.

மேலாளர் விஷயத்தில், அவருக்கு ஏடபிள்யூஎஸ் கணக்கு கொடுக்காதீங்க. கிட்ஹப்பில் அந்தக் கையால் ஓட்டும் வொர்க்ஃப்ளோவை மட்டும் அவர் போனிலிருந்து தட்டும்படி வைக்கலாம். உள்ளீட்டில் ரிலீஸ் பெயரை டைப் செய்யச் சொல்லக் கூடாது. 'முந்தைய' என்று இன்னொரு கீயை ஸ்டோரிலேயே வைத்து, ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அப்போது நடப்பில் இருப்பதை அதில் எழுதிட்டு அப்புறம் சுட்டியை நகர்த்துங்க. அவர் அழுத்துவது 'முந்தையதுக்குப் போ' என்ற ஒரே தேர்வு. அந்த வொர்க்ஃப்ளோவின் ஐஏஎம் ரோலுக்கு (ஏடபிள்யூஎஸ் அனுமதித் தொகுப்பு) அந்த ஒரு ஸ்டோரில் கீ படிக்க, எழுத, விவரம் பார்க்க மட்டும் அனுமதி. எஸ்3-யைத் தொடும் அனுமதி துளியும் வேண்டாம். நிரந்தரச் சாவி வைக்காமல் ஓஐடிசி (தற்காலிக அனுமதி வாங்கும் முறை) வழியாக ரோலை எடுத்துக்கட்டும்.

எழுதும் ஸ்கிரிப்டில் இரண்டு இடத்தில் தடுக்கும். கீயை எழுத ஸ்டோரின் அப்போதைய ஈடேகை (பதிப்புக் குறி) கொடுத்தாகணும், அதனால் முதலில் விவரத்தைக் கேட்டு ஈடேகை வாங்கி, பிறகு எழுதணும். இன்னொன்று, இந்த ஏபிஐக்கு சிக்வி4ஏ என்ற ஏடபிள்யூஎஸ் கையொப்பம் வேணும். பைத்தானில் ஏடபிள்யூஎஸ் நூலகமான போட்டோ3 (boto3) மட்டும் நிறுவினால் போதாது, சிஆர்டி சேர்ப்பையும் நிறுவணும். இந்த இரண்டையும் திருவிழா இரவில் கண்டுபிடிக்கக் கூடாது.


நாகமலை_ஆப்ஸ்

மூன்றாவது சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன். உடைந்த பிறகு யோசித்தால் ஆளுக்கு ஒரு கருத்து வரும், அதனால் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். உங்கள் தளத்தின் வேலை நாலே நாலு: கட்டணம் தெரிய வேண்டும், போன் இணைப்பைத் தட்டினால் அழைப்பு போக வேண்டும், வரைபட இணைப்பு சரியான இடத்துக்குப் போக வேண்டும், தமிழ்ப் பக்கம் தமிழில் வர வேண்டும். இவற்றில் ஒன்று எந்தப் போனிலாவது உடைந்தால் காரணம் தேடாமல் உடனே பின்னால் போங்கள். காரணத்தை அப்புறம் நிதானமாகத் தேடலாம், கெட்ட ரிலீஸ் ஃபோல்டர் அப்படியேதானே இருக்கப்போகிறது. நிறம், இடைவெளி, படம் மங்கல் போன்றவற்றுக்குப் பின்னால் போக வேண்டாம், புது ரிலீஸாகத் திருத்துங்கள். ஜேசனில் விலை தவறு என்றால் அதற்கும் சுட்டியை நகர்த்தக் கூடாது, ஜேசனை மட்டும் திருத்த வேண்டும். மேலாளருக்கு இந்தக் கடைசி வித்தியாசத்தை நேரில் காட்டிச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு ரிலீஸின் ஹெச்டிஎம்எல்லிலும் மெட்டா குறியாக ரிலீஸ் பெயர் இருக்கட்டும், தனியாக ஒரு வெர்ஷன் உரைக் கோப்பும் இருக்கட்டும். பின்னால் போனதும் அதைத் திறந்து பார்த்தால் எது நேரலையில் இருக்கிறது என்று மேலாளருக்கும் தெரியும். நீங்கள் கர்ல் கட்டளையில் ஹெடரைப் பாருங்கள்: எக்ஸ்-கேச் ஹிட்டா மிஸ்ஸா (கேச்சிலிருந்து வந்ததா, இல்லையா), ஏஜ் எத்தனை வினாடி, கேச்-கன்ட்ரோல் நீங்கள் கொடுத்ததுதானா. ஆபீஸ் வைஃபையில் மட்டும் பார்க்காமல் மொபைல் டேட்டாவிலும் பாருங்கள்.

ஒத்திகையைக் கொடியேற்றத்துக்கு முன்பே, கூட்டமில்லாத ஒரு மதிய நேரத்தில், நேரலைத் தளத்திலேயே செய்யுங்கள். ஒரு போனில் புதுத் தளத்தைத் திறந்து அறைப் பக்கம் வரை போய் அப்படியே வையுங்கள். மேலாளரைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். அந்தப் போனில் புதுப்பிக்காமலே அறைத் தேர்வைத் தட்டிப் பாருங்கள், வேலை செய்ய வேண்டும். பிறகு புதுப்பித்துப் பாருங்கள், பழைய தளம் வர வேண்டும். புது முகவரி ஒன்றை வாட்ஸப்பிலிருந்து திறந்து பாருங்கள், பழைய பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அப்புறம் மறுபடி முன்னால் போய், அதே மூன்றையும் பாருங்கள்.


மாசிவீதி_வெப்

தெளிவாகப் புரிந்தது. ஒத்திகையில் மேலாளரையும் உட்கார வைக்கிறேன். கடைசியாக ஒன்று: அசெட்ஸ் ஃபோல்டரில் அழிக்கவே கூடாது என்றால் அது வளர்ந்துகொண்டே போகுமே. 90 நாள் தாண்டியதை லைஃப்சைக்கிள் விதி போட்டு அழித்துவிடலாமா, வடகரை அண்ணே?


வைகை_வடகரை

அந்த விதியை அசெட்ஸ் மேல் கண்டிப்பாகப் போடாதீங்க. லைஃப்சைக்கிள் பார்ப்பது ஃபைல் பக்கெட்டில் ஏறின நாளை மட்டும்தான். இன்றைக்கு யாராவது அதைப் பயன்படுத்துறாங்களா என்று அதற்குத் தெரியாது. விடுதியின் லோகோ, தமிழ் எழுத்துரு இரண்டும் மாறவே மாறாது. ஹாஷும் மாறாது, ஏற்கெனவே இருக்கும் ஃபைலை உங்க ஸ்கிரிப்ட் மறுபடி ஏற்றவும் ஏற்றாது. ஆக, 90 நாள் முடிந்ததும் நடப்பு ரிலீஸின் எழுத்துருவையே விதி அழிச்சிடும். கிளவுட்ஃப்ரன்ட் கேச்சில் இருக்கும்வரை வெளியே எதுவும் தெரியாது. ஒவ்வொரு இடமாகக் கேச்சிலிருந்து உதிர உதிர ஒருத்தருக்கு வரும், ஒருத்தருக்கு வராது, காரணம் பிடிக்க ரொம்ப நேரம் ஆகும். பழைய ரிலீஸுக்குப் போனாலும் அதுவும் அதே எழுத்துருவைத்தான் தேடும்.

பதிலாக, பில்டு முடியும்போது அந்த ரிலீஸ் தேடும் அசெட்ஸ் அத்தனையையும் பட்டியலாக எழுதி ரிலீஸ் ஃபோல்டரிலேயே வைங்க. மாதம் ஒரு தடவை ஓடும் ஸ்கிரிப்ட் கடைசி 10 ரிலீஸின் பட்டியல்களைச் சேர்க்கட்டும். அந்தத் தொகுப்பில் இல்லாததும், ஏறி 30 நாள் தாண்டினதும், இரண்டும் சேர்ந்தால் மட்டும் அழிக்கட்டும். முதல் இரண்டு தடவை அழிக்காமல் பெயரை மட்டும் அச்சிடச் சொல்லிப் பாருங்க, சிஎஸ்எஸ்ஸுக்கு உள்ளேயிருந்து கூப்பிடும் பின்னணிப் படங்களும் எழுத்துருவும் பட்டியலில் விட்டுப்போவது சகஜம். ரிலீஸ் ஃபோல்டர்களையும் இதே ஸ்கிரிப்ட் அழிக்கலாம், ஆனால் 'நடப்பு', 'முந்தைய' இரண்டு கீயிலும் இருக்கும் பெயரையும் ஃபங்ஷன் கோடில் மாற்று மதிப்பாக எழுதின பெயரையும் எப்போதும் தாண்டிப் போகணும். அந்த மூன்றாவதைத்தான் எல்லாரும் மறப்பாங்க.